உடம்பு முடியாத பிள்ளையுடன் சென்டோசாவுக்கு ஒரு நாள்: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சிங்கப்பூரில் சென்டோசா தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குக் கூட்டிப் போகப்போகிறோம் என்று சொன்னால் வீட்டில் பாதிப் பேர் "எதுக்கு இப்போ?" என்பார்கள், மீதிப் பேர் "எல்லாம் சரியானதும் போய்க்கலாமே" என்பார்கள். பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சையே இரண்டு, மூன்று வருஷம் நடக்கும். எல்லாம் சரியாகட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஆறு வயதுக்காரிக்கு ஒன்பது வயதாகிவிடும், அப்போது மினியனைப் பார்த்து அவள் குதிப்பாளா என்பது வேறு கதை. நாங்கள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு வார்டில் பழக்கமான சில குடும்பங்கள் போகவும் கூடமாட இருந்திருக்கிறோம். முதல்முறை போகிறவர்களுக்காக அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். சென்னையிலிருந்தோ ஜோகூரிலிருந்தோ வருகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான். இந்த ஊரில் யாரும் தானாக வந்து "பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க மாட்டார்கள். பார்ப்பார்கள், பார்த்துவிட்டு நாசூக்காகத் திரும்பிக்கொள்வார்கள். மனசில்லாமல் இல்லை, கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம். நீங்கள் ஒரு வரி வாய்திறந்து சொல்லிவிட்டால் போதும், அப்புறம் எங்கிருந்து கை நீளுகிறது என்றே தெரியாது. அந்த ஒரு வரியை எங்கே, யாரிடம், எப்படிச் சொல்வது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் டாக்டரிடம்

டிக்கெட் வாங்குமுன் வார்டில் பேசுங்கள். "போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "எந்த வாரம் கவுன்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, நன்றாக இருக்கும்?" என்று கேளுங்கள். கீமோ போட்டு 7 முதல் 14 நாளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது பொதுவான வழக்கம், ஆனால் மருந்துக்கு மருந்து மாறும் என்பதால் உங்கள் டாக்டர் சொல்லும் நாள்தான் கணக்கு. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையான ஏஎன்சி 500க்குக் கீழே இருந்தால் கூட்டத்துக்குள் போகும் பேச்சே வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைவாக இருந்தால் குலுக்குகிற சவாரி எதுவும் கூடாது. பசியைத் தூண்டிவிடும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் சாப்பிடும் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள், நடுராத்திரி இரண்டு மணிக்கு மேகி கேட்டு அழுகிற பிள்ளையிடம் வரிசையில் நில் என்று யார் சொல்வது? வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து போட்டிருந்தால் கால் தளர்ந்திருக்கலாம், கொஞ்ச தூரம் நடந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படியே ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி) இருக்கிறதா, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும், வார்டின் தொலைபேசி எண், இவ்வளவு போதும். இதை அன்று குறைந்தது இரண்டு இடத்திலாவது நீட்டுவீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு: உங்கள் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து வரை கொண்டுவரலாம். ஆனால் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், விமான நிலையத்தில் வந்து விளக்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் அது வேறு யாரோ.

கையில் காசு இல்லையென்றால், அல்லது இருந்தாலும்

மருத்துவ சமூக ஊழியர் என்று ஒருவர் உங்கள் மருத்துவமனையில் இருப்பார். பில் பிரச்சினைக்கு மட்டும்தான் அவர் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நோயுள்ள பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் சிங்கப்பூர் மேக்-ஏ-விஷ் அமைப்புக்குப் பிள்ளையின் பெயரை அனுப்பவும், சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம், கிளப் ரெயின்போ போன்றவை நடத்தும் நிகழ்ச்சிகளில் சேர்க்கவும் அவரிடம் கேட்கலாம். பின்னவை இரண்டும் 1992இல் தொடங்கியவை, அனுபவம் நிறைய. கிளப் ரெயின்போ புற்றுநோய்க்கு மட்டும் என்று இல்லை, நாள்பட்ட வேறு நோய் உள்ள பிள்ளைகளுக்கும் உண்டு. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் இருக்கிறது, பிள்ளையை வார்டில் வைத்துக்கொண்டு அலைகிற பெற்றோர் அங்கே தங்கலாம்.

தர்மம் வாங்குகிறோமோ என்ற உறுத்தல் வரும். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு வந்தது. அவருக்கு நான் சொன்னது ஃபுளோரிடா கதை. ஹென்றி லேண்ட்வர்த் என்று ஒரு ஓட்டல்காரர், இளம் வயதில் நாஜி முகாம்களில் இருந்து பிழைத்து வந்தவர். ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுமி டிஸ்னி வேர்ல்டு பார்க்க ஆசைப்பட்டாள், அவர் தன் ஓட்டலில் இலவசமாக அறை ஒதுக்கினார், ஆனால் விமான டிக்கெட், நுழைவுச்சீட்டு என்று மற்ற ஏற்பாடுகள் இழுத்துக்கொண்டே போக, அறை காலியாகவே கிடந்தது. அவள் வருவதற்குள் இறந்துவிட்டாள். இனி எந்தப் பிள்ளைக்கும் காகித வேலையால் இப்படி ஆகக் கூடாது என்று 1986இல் அவர் தொடங்கியதுதான் கிவ் கிட்ஸ் தி வேர்ல்டு. இன்று அது ஒரு கிராமமாகவே கிஸ்ஸிமியில் இருக்கிறது, குடும்பத்தோடு போய்த் தங்கலாம், காலைச் சாப்பாட்டுக்கே ஐஸ்கிரீம் கேட்கலாம். தாத்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "அப்போ சீக்கிரம் ஃபாரத்தைப் போடு" என்றார்.

எந்த நாள், எந்த இடம்

வாரநாள். பள்ளி விடுமுறை வேண்டாம், அதாவது ஜூன், நவம்பர் பிற்பாதி முதல் டிசம்பர், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். திறக்கும் நேரத்துக்கே போய் மதியத்தோடு திரும்பிவிடுவது நல்லது. மதியத்துக்கு மேல் இடி மழை பிடிக்கிற ஊர் இது, மின்னல் என்றால் வெளியில் ஓடும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். வெயிலோ 11 மணியிலிருந்து 3 மணி வரை கொளுத்தும், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் புகைமூட்டம் வந்தாலும் வரும், முந்தின நாள் காற்றுத் தரத்தைப் பார்த்துவிடுங்கள்.

யூனிவர்சல்தான் என்று இல்லை. பக்கத்திலேயே சிங்கப்பூர் ஓஷனேரியம், முழுக்க உள்ளரங்கு, ஏர்கான், உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், பிள்ளைக்குத் தெம்பு குறைவாக இருக்கும் வாரத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். மண்டாய் விலங்குத் தோட்டத்தில் டிராம் ஓடுகிறது, நடை மிச்சம். ஆனால் விலங்குகளைத் தொடுவது, தீனி கொடுப்பது, தண்ணீரில் விளையாடுவது மூன்றுக்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் வேண்டாம் என்பார்.

போகும் வழி

எம்ஆர்டி ரயிலில் ஹார்பர்ஃபிரண்ட் நிலையம், அங்கிருந்து விவோசிட்டி கடைத்தொகுதியின் 3வது மாடியில் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில், முதல் நிறுத்தமே யூனிவர்சல் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு. எல்லா இடத்திலும் லிஃப்ட் உண்டு.

ரயிலில் உட்கார இடம் பற்றி ஒன்று. தலைமுடி கொட்டிய பிள்ளை என்றால் பார்த்ததும் எழுந்துவிடுவார்கள். முடி திரும்ப முளைத்து, கன்னமெல்லாம் உப்பி, பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும் பிள்ளைக்கு நிற்க முடியாது என்று யாருக்குத் தெரியும்? ரயில் நிலையத்தின் பயணியர் சேவை நிலையத்தில் கேட்டால் "எனக்கு உட்கார இடம் தர முடியுமா" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிய ஒட்டுவில்லை தருவார்கள், சட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத நோய் உள்ளவர்களுக்காகவே வந்தது. ஒட்டிக்கொண்டு ஏறிப் பாருங்கள், போனுக்குள் முழுகிக் கிடந்த பையன் ஒருவன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வான். நன்றி சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவான். இந்த ஊர்க் கரிசனம் பெரும்பாலும் அப்படித்தான், பேச்சு இருக்காது.

திரும்பி வரும்போது டாக்சி எடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குத் தனியார் வாடகைக் காரில் சிறுவர் இருக்கை கட்டாயம், டாக்சிக்கு அந்த விதி கிடையாது. ஒருமுறை பாலம் தாண்டியதுமே சின்னவள் வாந்தி எடுத்துவிட்டாள், பை கையில் இருந்தும் பாதி இருக்கையில். வண்டியில் வாந்தி என்றால் சுத்தம் செய்யக் காசு கேட்பது இங்கே வழக்கம், நானும் பர்ஸை எடுத்துக்கொண்டு, "சாரி அங்கிள், கீமோதெரபி" என்றேன். சீன அங்கிள், அறுபதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியில் ஒரு பார்வை. ஏர்கானைக் கூட்டினார், ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினார், அடுத்த சிவப்பு விளக்கில் முன்பக்கம் இருந்து ஒரு டிஷ்யூ பெட்டியையும் பழைய சீன நாளிதழையும் பின்னால் நீட்டினார். எங்கள் அடுக்குமாடி புளோக் அடியில் இறங்கியபோது மீட்டர் காட்டியதற்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. "கோ, கோ, கேர்ள் டயர்ட்" என்று கையை ஆட்டினார், அவ்வளவுதான்.

பையில்

வெப்பமானி. மருந்து, ஒரு வேளைக்கு அதிகமாகவே. வாந்திப் பைகள், ஈரத் துடைப்பான், மாற்றுடை, முகக்கவசம், கிருமிநாசினி, டாக்டர் கடிதம். பிள்ளை சாப்பிடுகிற ஏதாவது ஒன்று. பூங்காக்களில் வெளிச் சாப்பாடு கூடாது என்பார்கள், பையைச் சோதிக்கும் இடத்திலேயே கடிதத்தைக் காட்டி மருத்துவக் காரணம் என்று சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டால் அன்றைய நாள் முழுக்க ஒரு மாதிரி ஆகிவிடும்.

வாசலில் அந்த ஒரு வரி

உள்ளே நுழைந்ததும் சவாரிக்கு ஓடாமல் விருந்தினர் சேவை முகப்புக்குப் போங்கள். நம் ஆட்களுக்கு இங்கே இரண்டு வியாதி. ஒன்று, எதுவும் சொல்லாமல் சமாளித்துக்கொள்வது. இன்னொன்று, நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து முழுக் கதையையும் சொல்லி, கேட்கிற ஊழியரும் அழ, நாமும் அழ, பிள்ளை நடுவில் நின்று முழிப்பது. இரண்டும் வேண்டாம். மூன்று விஷயம் போதும்: என்ன நோய், என்ன முடியாது, உங்களுக்கு என்ன வேண்டும். "புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறாள், அதிக நேரம் நிற்க முடியாது, கூட்டத்திலிருந்து தள்ளி உட்கார இடம் வேண்டும், எந்தெந்தச் சவாரியில் அது நடக்கும்?" இப்படிக் கேட்டால் ஊழியருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. பரிதாபப்பட்டு நிற்கிற மனுஷனுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அவர் மாதிரி உதவுகிறவர் கிடையாது. சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் அங்கேயே வாடகைக்கு உண்டு, முதலுதவி அறை எங்கே என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்தவரை பிள்ளை காதுபடப் பேசாதீர்கள். ஒருவர் கடிதத்தோடு முகப்புக்குப் போங்கள், இன்னொருவர் பிள்ளையோடு உருண்டையான யூனிவர்சல் கோளத்தின் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

உள்ளே

ஹாலிவுட் பகுதிக்கு மேலே பெரிய கூரை இருக்கிறது, வெயில், மழை இரண்டுக்கும் அதுதான் உங்கள் தளம். நியூயார்க் பகுதியில் செசமி ஸ்ட்ரீட் சவாரி, மெதுவாகப் போகும், உள்ளரங்கு, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில் திறந்தது, கூட்டமும் அங்கேதான், அதனால் காலையில் முதலாவதாக முடித்துவிடுங்கள். ஜுராசிக் பார்க் ரேப்பிட்ஸில் தொப்பலாக நனைவீர்கள். நெஞ்சில் குழாய் தொங்குகிற பிள்ளை, போர்ட்டில் ஊசியோடு கட்டுப் போட்டிருக்கிற பிள்ளை அந்தப் பக்கமே போகக் கூடாது. வாட்டர்வேர்ல்டு காட்சியில் முன்வரிசைகள் நனையும், பின்னால் உட்காருங்கள். மம்மி, கேலக்டிகா போன்ற வேகமான சவாரிகள் எல்லாம் அண்ணன், அக்காவுக்கு.

அண்ணன், அக்கா என்றதும் சொல்லியே ஆகவேண்டியது. நோயாளிப் பிள்ளைக்கு எல்லாரும் பொம்மை தருவார்கள், தட்டிக் கொடுப்பார்கள், கூட வந்த பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கும். எங்கள் பெரியவனுக்கு அப்போது பத்து வயது. ஒரு மினியன் உருவத்தோடு படம் எடுக்கும் இடத்தில் நான் பக்கத்தில் நின்ற ஊழியரிடம் மெதுவாக, "எதிர்ப்புச் சக்தி குறைவு, தொடாமல் இருந்தால் நல்லது" என்றேன். அந்த மலாய்ப் பெண் மினியனின் காதுப்பக்கம் போய் ஏதோ சொன்னார். மினியன் இரண்டடி பின்னால் போய், மண்டி போட்டு, தூரத்திலிருந்தே கையை நீட்டிக் காற்றில் ஒரு ஹை-ஃபைவ். சின்னவளும் காற்றில் அடித்தாள், அது அடிபட்ட மாதிரி மல்லாக்க விழுந்தது. ஐந்தாறு தடவை. சிரித்துச் சிரித்து முகக்கவசம் நழுவிவிட்டது. அதுவரை எல்லாரும் செய்கிறதுதான். பிறகு அந்த ஊழியர் பெரியவனைப் பார்த்து, "பையை என்னிடம் கொடு, நீதான் இன்று இவளுடைய மேனேஜரா? மேனேஜருக்குத் தனிப் படம் உண்டு" என்று அவனை மட்டும் தனியாக நிறுத்தி மினியனைத் தோளில் கைபோட வைத்தார். எங்கள் பையை அவரே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படம்தான் அவன் மேஜையில் இருக்கிறது.

எல்லாம் இப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். வேறு வழியாக உங்களை உள்ளே விடும்போது வரிசையில் யாராவது முணுமுணுப்பார்கள். பதில் சொல்லாதீர்கள், விளக்கமும் தராதீர்கள். அவரும் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறவர்தான்.

வேண்டாத அன்பை எப்படித் தள்ளுவது

இது நம் ஆட்களிடமிருந்துதான் அதிகம் வரும். வரிசையில் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டால் போதும், திருச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா முறுக்கை நீட்டுவார், அடுத்தவர் பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் பிளேட்லெட் ஏறும் என்பார், இன்னொருவர் திருநீறு எடுத்து நெற்றியில் வைக்கக் கையைக் கொண்டுவருவார். மனசு நல்ல மனசு, ஆனால் கை எங்கெல்லாம் பட்டதோ. முறுக்குக்கு "டாக்டர் வெளிச் சாப்பாடு கூடாதுன்னுட்டார்மா, நான் சாப்பிடுறேன்" என்று வாங்கி நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள், அவருக்கும் திருப்தி. சாறு, கஷாயம் எல்லாவற்றுக்கும் "டாக்டர்கிட்ட கேட்டுக்கிறேன்க்கா", உண்மையிலேயே கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள், கீமோ மருந்தோடு எது சேரும் எது சேராது என்பது நமக்குத் தெரியாது. திருநீற்றுக்கு, "என் கையில கொடுங்க, நான் வச்சுவிடுறேன்." தெரியாதவர் பிள்ளையைப் படம் எடுக்க வந்தால் மட்டும் சிரிக்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், யாராவது ஐஸ்கிரீமுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டால், துரத்திப் போய்த் திருப்பிக் கொடுக்காதீர்கள். நாங்கள் பார்த்த ஒரு அப்பா அப்படி ஓடினார், கொடுத்தவர் பாவம் திருடன் மாதிரி வேகமாக நடந்தார்.

எப்போது கிளம்புவது

பிள்ளை கேட்பதற்கு முன்னால். களைப்பு முகத்தில் தெரிந்தால் ஏற்கெனவே தாமதம். வெப்பமானி 38 டிகிரி காட்டினால் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும், வார்டுக்கு அழைத்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கீமோவில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் எப்போதும் அவசரம்தான். மயக்கம், மூச்சுத்திணறல், நிற்காத ரத்தம் என்றால் 995, பக்கத்தில் நிற்கும் ஊழியரிடமும் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வர வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வாரம் வரை ஒரு கண் இருக்கட்டும். சின்னம்மை தொற்றினால் 10 முதல் 21 நாளில்தான் வெளியே தெரியும். அன்று பக்கத்தில் இருந்த யாருக்கோ சின்னம்மை, தட்டம்மை என்று கேள்விப்பட்டால் கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே வார்டுக்குச் சொல்லுங்கள்.

உதவிய ஊழியரின் பெயர் அட்டையைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இடம், தேதி, நேரம், அவர் செய்தது என்ன என்று நாலு வரி பூங்காவுக்கு எழுதிப் போடுங்கள், பொதுவாக "உங்கள் ஊழியர்கள் அருமை" என்று எழுதினால் அது யாருக்கும் போய்ச் சேராது. பிள்ளை ஏதாவது வரைந்தால் அதையும் படம் எடுத்து இணையுங்கள். சின்னவள் வரைந்ததில் அந்த அக்காவுக்கு இடது கையில் ஆறு விரல், நம் பையைப் பிடிக்கக் கூடுதலாக ஒன்று வேண்டுமாம். அழிக்க விடவில்லை, அப்படியே அனுப்பினோம்.